மலைக்கு எது முதுகு

அந்த மலையைச் சுற்றி ஏழு ஊர்கள். ஏழு ஊர்க்காரர்களுக்கும் ஒரு விஷயத்தில் மட்டும் துளிக்கூடச் சந்தேகம் கிடையாது. மலை தங்கள் ஊரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறது, மற்ற ஆறு ஊர்களும் மலைக்குப் பின்னால் கிடக்கின்றன. "பொண்ணை மலைக்குப் பின்னால கொடுத்திருக்கோம்" என்பார்கள். மழை மலைக்குப் பின்னாலிருந்து வரும், காய்கறி லாரி வரும், ஊர்வம்பும் வரும். தங்கள் ஊரும் யாருக்கோ பின்னால்தான் என்று சொல்லிப் பாருங்கள், சண்டைக்கே வந்துவிடுவார்கள்.

இந்த ஏழு ஊருக்கும் பொதுவான ஆள் ஒருத்திதான். தபாலக்கா. வயது ஐம்பத்தொன்று. அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவளும் கண்டுகொள்ள மாட்டாள். இருபத்திரண்டு வருஷமாக மொபெட்டில் பையை மாட்டிக்கொண்டு மலையைச் சுற்றும் பதினெட்டு கிலோமீட்டர் ரோட்டைத் தினம் ஒரு சுற்று சுற்றுகிறாள். கிழக்கே மலை செக்கச்செவேலென்ற பாறை. தெற்கே அடிவாரம் வரை கரும்பு. மேற்கே ஏரி, அதில் மலை தலைகீழாகத் தெரியும். வடக்கே, அவள் குடியிருக்கிற ஊர்ப் பக்கம், முட்புதரும் சரளைக்கல்லும்தான். ஆனாலும் சாயங்கால வெயில் அதன்மேல் விழும்போது அவள் வண்டியை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நிற்பாள்.

"தினமும் ஒரே மலையைத்தானே சுத்துறீங்க, சலிக்கலையாக்கா?" என்று யாராவது கேட்டால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"ஒரே மலையா? யாரு சொன்னா? நீங்க ஒண்ணு பாக்குறீங்க. நான் ஏழு பாக்குறேன்!"

ஏழையும் பார்த்ததால்தான் வேலை ஓடியது. இந்தச் சனங்கள் எழுதும் முகவரி அப்படி. ஊர் பேரெல்லாம் எதற்கு என்று, 'பெரியக்கா வீடு, மலைக்குப் பின்னால்' என்று எழுதி ஸ்டாம்ப் ஒட்டிவிடுவார்கள். புதிதாக வந்த போஸ்ட்மாஸ்டர் தலையில் கையை வைத்துக்கொண்டார். தபாலக்கா அசரவில்லை. கடிதத்தைத் திருப்பி, எந்த ஊர்ப் பெட்டியில் விழுந்தது, யார் கையெழுத்து என்று பார்ப்பாள். எழுதியவர் எங்கே உட்கார்ந்து எழுதினார் என்று தெரிந்துவிட்டால், அவருக்கு எது பின்னால் என்று தெரிந்துவிடும். பெரியக்கா வீட்டு வாசலில் அடுத்த நாளே 'தபால்!' என்று சத்தம் கேட்கும்.

அன்றைக்கு மூன்று மணிக்குச் சுற்றை முடித்துக்கொண்டு வந்தாள். மலை உச்சியில் கருமேகம் கவிழ்ந்திருந்தது. அந்த மேகத்தை அவளுக்குத் தெரியும். கீழே ஒரு சொட்டு விழுவதற்குள் மேலே கொட்டித் தீர்த்துவிடும், ஒரு மணி நேரத்தில் ஓடைகளில் தண்ணீர் ஆள் உயரத்துக்கு வரும். 'அடடா, என்ன வேகம் பாரு!' என்று ரசித்துக்கொண்டேதான் ஊருக்குள் நுழைந்தாள்.

தெருவில் ஈ காக்கை இல்லை. மாவு மில் வாசலில் மில்காரர் மட்டும் நின்றார். தலை முதல் கால் வரை எப்போதும் மாவாக இருப்பதால் ஊரில் அவருக்கு வெள்ளைக்காரர் என்று பேர்.

"அக்கா, எங்க போயிட்டீங்க? உங்க மருமக மலையில விழுந்துட்டா!"

தபாலக்கா வண்டியை நிறுத்தினாள். "என்னய்யா சொல்றீங்க?"

கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய ஆட்டைத் தேடி மதியம் மருமகள் மலைக்குப் போயிருக்கிறாள். ஆடு தானாகவே வீட்டுக்கு வந்துவிட்டது. இவள் வரவில்லை. அரை மணி முன்பு புருஷனுக்குப் போன் வந்திருக்கிறது. "ஓடைக்குள்ள விழுந்துட்டேன், கால் பாறைக்கடியில மாட்டிக்கிச்சு, மலைக்குப் பின்னால இருக்கேன்." அத்தோடு போன் செத்துவிட்டது. மகன் டிராக்டரை எடுத்திருக்கிறான், ஊரில் இருந்த ஆம்பளை பொம்பளை எல்லாரும் ஏறிக்கொண்டு தெற்குப் பக்கம் போய்விட்டார்கள்.

"நான் மில்லை நிறுத்திட்டு வர்றதுக்குள்ள கிளம்பிட்டாங்கக்கா" என்றார் வெள்ளைக்காரர் பரிதாபமாக.

தபாலக்கா மொபெட்டைத் திருப்பி, தெற்கே பறந்தாள். மேகம் இன்னும் கீழே இறங்கியிருந்தது. மலை உச்சியையே காணவில்லை. ஆக்ஸிலரேட்டரை முழுசாக முறுக்கினாள். ஒரு கிலோமீட்டர் போயிருப்பாள். சடாரென்று பிரேக் போட்டாள்.

யார் சொன்னது?

இருபத்திரண்டு வருஷமாக, மலைக்குப் பின்னால் என்று பார்த்தவுடன் கடிதத்தைத் திருப்பிப் பார்க்கிற கை அது. இன்றைக்குத் திருப்பாமல் கிளம்பிவிட்டது. சொன்னது மருமகள். மருமகள் யார்? தெற்கு ஊர்ப் பெண். கரும்புக்காட்டுப் பக்கம் நின்று மலையைப் பார்த்து வளர்ந்தவள். அவளுக்கு மலையின் முகம் தெற்கு. அப்படியென்றால் முதுகு?

முதுகு இங்கே. வடக்கே. இவர்கள் வீட்டுக் கொல்லைக்கு நேர் மேலே!

ஆனால் கல்யாணமாகி நான்கு மாதம் ஆகிவிட்டதே. இந்த ஊர்ப் பேச்சு ஒட்டியிருக்காதா? புருஷனிடம் பேசும்போது புருஷன் ஊர்க் கணக்கில் சொல்லியிருக்க மாட்டாளா? தப்பாகிப்போனால்? போய்த் திரும்பும் நேரத்தில் தண்ணீர் வந்துவிடும். அங்கே முப்பது பேர் தேடுகிறார்கள், இங்கே இவள் ஒருத்தி. மகனுக்குப் போன் போட்டாள். மலை மறைத்தது, லைன் கிடைக்கவில்லை.

அப்போதுதான் போன வாரம் நினைவுக்கு வந்தது. அடுப்படியில் மருமகள் தன் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "இங்க மலைக்குப் பின்னால மழையே இல்லம்மா." அடுத்த அறையில் இருந்த தபாலக்காவுக்கு அன்றைக்குச் சுருக்கென்றது. நம் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தும் இவளுக்கு நாம் பின்னால்தானா என்று மனசுக்குள் முறைத்துக்கொண்டாள். இப்போது அந்தப் பேச்சை அப்படியே அள்ளி முத்தமிடலாம் போலிருந்தது. சாதாரணமாக இருக்கும்போதே அப்படிச் சொல்கிறவள், கால் நசுங்கி வலியில் துடிக்கும்போதா புருஷன் ஊர்க் கணக்குப் பார்ப்பாள்?

வண்டியை ஒடித்துத் திருப்பினாள். மில் வாசலில் நிறுத்தாமலே கத்தினாள்.

"கடப்பாரையை எடுத்துட்டு ஏறுங்க!"

"எங்கக்கா?"

"மலைக்கு முன்னால!"

"அவ பின்னாலன்னுல்ல சொன்னா?"

"அவளுக்கு அதுதான்யா பின்னால! ஏறுங்கன்னா!"

வெள்ளைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் தபாலக்கா சொல்லி ஒரு முகவரி தப்பியதாக ஏழு ஊரிலும் பேச்சில்லை. ஏறிவிட்டார்.

கொல்லைக்கு மேலே வண்டி போகாது. போட்டுவிட்டு ஓடினார்கள். சரளைக்கல் காலை வாரியது, முள் புடவையைப் பிடித்து இழுத்தது. பெரிய பெரிய சொட்டாக மழை விழ ஆரம்பித்தது. வெள்ளைக்காரர் மேலிருந்த மாவு நனைந்து பசையாகி வழிந்தது. கண்ணைத் துடைக்கத் துடைக்க இன்னும் அப்பிக்கொண்டது.

"அக்கா, நான் குருடாயிட்டேன்!"

"என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு வாங்க, நிக்காதீங்க!"

நாலு வருஷமாக மாடிப்படி ஏறினாலே மூட்டு வலிக்கிறது என்று புலம்புகிறவள்தான் அவள். அன்றைக்கு ஆடு மாதிரி தாவினாள். மலை தண்ணீரில் பளபளத்தது. அந்தப் பதற்றத்திலும் உடம்பெல்லாம் என்னவோ ஒரு துள்ளல். இத்தனை வருஷம் சுற்றிச் சுற்றி வந்த மலைமேல் முதல்முறையாக ஏறுகிறோம் என்று பாதி வழியில்தான் அவளுக்கு உறைத்தது.

ஓடை விளிம்பில் நின்று மருமகளைக் கூப்பிட்டாள். சத்தமில்லை. இன்னும் மேலே போய்க் கூப்பிட்டாள். தண்ணீர்ச் சத்தம்தான். தப்புப் பண்ணிவிட்டோமா? மூன்றாம் தடவை அடிவயிற்றிலிருந்து கத்தினாள். ஏழு ஊரிலும் தபால் என்று கத்திப் பழகிய தொண்டை.

"அத்தே!"

கீழே, வளைவில். இடுப்பளவு கலங்கல் தண்ணீரில் ஒரு தலையும் இரண்டு கைகளும். தபாலக்கா பார்த்து இறங்கவில்லை. அப்படியே சறுக்கி விழுந்து போய்ச் சேர்ந்தாள். மருமகளின் இடது கால் முழங்காலுக்குக் கீழே பாறைக்கு அடியில் இருந்தது. வெள்ளைக்காரர் தடவித் தடவி வந்து கடப்பாரையைச் செருகினார். அவர் நெம்ப, தபாலக்கா அவளை அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். பாறை அசைந்தது, மறுபடி உட்கார்ந்தது. தண்ணீர் மார்புக்கு வந்துவிட்டது.

"இன்னொரு தடவ! உங்க மில்லு கல்லைத் தூக்குவீங்கல்ல, அப்படி!"

அவர் கண்ணை மூடிக்கொண்டு கடப்பாரையில் தொங்கினார். பாறை புரண்டது. மூன்று பேரும் ஒருவர்மேல் ஒருவராக ஏறி விளிம்புக்கு வந்து விழுந்தார்கள். திரும்பிப் பார்ப்பதற்குள் செம்மண் தண்ணீர் அந்த வளைவை மூடிக்கொண்டு போயிற்று. இப்போது அங்கே பாறையும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை.

"நான் உதவிக்கு ஆள் கூட்டிட்டு வர்றேன்" என்று வெள்ளைக்காரர் ஊர்ப்பக்கம் இறங்கினார்.

மருமகளின் உதடு நீலமாக இருந்தது. கால் கோணலாகக் கிடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

"போன் போனதுக்கப்புறந்தான் அத்தை தெரிஞ்சுது, தப்பாச் சொல்லிட்டேன்னு. எல்லாரும் எங்க ஊருக்குத்தான் ஓடுவாங்கன்னு நெனச்சேன். உங்களுக்கு மட்டும் புரியும்னு உங்களையே கூப்பிட்டுட்டு இருந்தேன்."

"எனக்கும் புரியலடி" என்றாள் தபாலக்கா. "நானும் அங்கதான் கிளம்பினேன். ஒரு கிலோமீட்டர் போயிட்டேன். இன்னும் கொஞ்சம் போயிருந்தா..."

அவ்வளவு நேரம் பறந்து தாவிக் கத்திய பொம்பளை, மழையில் கால்களை நீட்டி உட்கார்ந்துகொண்டு ஓவென்று அழுதாள். ஊரே கூடியிருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டாள்.

மருமகள் கையை மட்டும் எட்டி நீட்டினாள்.

"கிட்ட வந்து அழுங்க அத்தை. என்னால எந்திரிச்சு வர முடியாது."