மேலே பனி உண்டோ

அவர் இருந்த வரைக்கும் ஒரே பேச்சுதான்: "மழை நிக்கட்டும்ட்டி, போவோம்." திருவனந்தபுரத்தில் மழை எப்போது நின்றிருக்கிறது? ஆனி ஆடியில் இடவப்பாதி மழை, அது முடிந்தால் ஐப்பசியில் துலாமழை, அதுவும் முடிந்தால் வேலை. எங்கள் கரமனையிலிருந்து பொன்முடி மலை ஒன்றும் காசி இல்லை. காலையில் போனால் சாயங்காலம் வீடு வந்துவிடலாம். ஆனாலும் நாங்கள் போகவேயில்லை.

அவர் போய் ஒரு வருஷம் ஆகிறது. கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற மகன் என்னைத் தன் ஃபிளாட்டுக்கு வந்துவிடச் சொன்னான். சரி என்றேன். அங்கே வண்டி நிறுத்த ஒரே ஓர் இடம், அதில் அவன் கார் நிற்கிறது. அதனால் அப்பாவின் பைக்கை ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆள் வந்து எடுத்துப் போவார் என்றான். அதற்கும் சரி என்றேன். வெள்ளிக்கிழமை காலையில் பொன்முடிக்குக் கிளம்பிவிட்டேன். வண்டி கைவிட்டுப் போவதற்கு முன்னால் அதிலேயே உச்சி வரை ஏற வேண்டும், அவ்வளவுதான்.

அப்பாவின் பைக் என்று பெயரே ஒழிய ஓட்டியது நான்தான். தோசை மாவு அரைத்து வீடு வீடாகக் கொடுத்துப் பிழைத்தவர்கள் நாங்கள். அவர் கால் ஒடிந்து கிடந்த நாளில் நான் ஓட்டப் பழகினேன். அவர் எழுந்து நடமாடிய பிறகும் ஹாண்டிலைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவர் பின்னால் உட்கார்ந்து வந்து மாவு அளந்து ஊற்றுவார். சேலைக்கு அடியில் அவருடைய கால்சட்டையைப் போட்டுக்கொண்டு நான் ஓட்டுவேன். ஆரம்பத்தில் சிரித்த வீடுகள் எல்லாம் பிறகு என்னிடம்தான் மாவு வாங்கின.

ஒரு சங்கடம் உண்டு. இரண்டு பக்கமும் மாவுக் கேன் தொங்கினால்தான் அந்த வண்டி என் பேச்சுக் கேட்கும். வெறுமனே எடுத்தால் பின்பக்கம் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளும். அதனால் இரண்டு கேனிலும் தண்ணீரை நிரப்பிக் கட்டினேன். முட்டி வலித்தாலும் மூன்றாவது உதையில் வண்டி எழுந்துவிட்டது.

கிளம்பும்போது நல்ல வெயில். சட்டை முதுகில் ஒட்டுகிற புழுக்கம். நெடுமங்காடு தாண்டவில்லை, மழை பிடித்துக்கொண்டது. ஒரு இரும்புக்கடைக் கூரைக்குக் கீழே ஒதுங்கினேன். என்னைப் போல ஏழெட்டு வண்டிக்காரர்கள். ஒவ்வொருவரும் போனை எடுத்து, மழையில் மாட்டிக்கொண்டேன், வரத் தாமதமாகும் என்று யாரிடமோ சொன்னார்கள். நானும் போனை எடுத்தேன். துடைத்துவிட்டு உள்ளே வைத்தேன்.

எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். மலையாளப் பலகையெல்லாம் கோலம் மாதிரிதான். வழி கேட்பதும் எனக்குப் பிடிக்காது. ஆனால் வித்துராவில் ரோடு இரண்டாகப் பிரிந்ததும் கேட்காமல் முடியவில்லை. டீக்கடையில் நிறுத்தி, டீ குடிக்க வந்தவள் மாதிரி மெதுவாகக் கேட்டேன்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "பொன்முடிக்கோ? இதிலோ? கூட ஆருமில்லே?"

"வண்டி இருக்கே."

"வண்டிக்கு வயசாயல்லோ அம்மே."

"வண்டிக்கு மட்டுமா சொல்லுதீரு?"

அவர் சிரித்துக்கொண்டே கையால் வழி காட்டினார். டீயில் சர்க்கரை அதிகம். அதை நான் சொல்லவில்லை, வழி சொன்ன மனுஷன்.

அதற்கப்புறம் ரப்பர் மரங்கள். எல்லா மரமும் ஒரே பக்கம் சாய்ந்து, ஒரே உயரத்தில் சிரட்டை கட்டி நின்றன. மழை விட்டு ரோட்டிலிருந்து ஆவி எழும்பியது. கொஞ்ச தூரத்தில் ஆறு கூடவே வந்தது, பாறைகளுக்கு நடுவே இரைச்சலாக. காற்று மாறிவிட்டது. கரமனையில் மார்கழியில்கூட இப்படிக் குளிராது. என் பல் கிட்டித்தது.

கல்லாற்றில் கேட் போட்டிருந்தது. மேலே நிலைமை மோசமானால் வண்டிகளை விட மாட்டார்கள். காக்கி உடுப்பில் ஒரு பெண் காவலுக்கு இருந்தாள், என் மகன் வயது இருக்கும்.

"கேனில் எந்தா அம்மே?"

"வெள்ளம்." தண்ணீரை வெள்ளம் என்று சொல்ல எனக்கு எப்போதோ பழகிவிட்டது.

"மேலே வெள்ளம் கிட்டுமல்லோ."

"குடிக்க இல்ல மோளே. வண்டி ஆடாம இருக்கதுக்கு."

அவள் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். சாராயம் என்று நினைத்திருப்பாள். நான் மலையை அண்ணாந்து பார்த்தேன். பாதிக்கு மேல் மலையே இல்லை, எல்லாம் வெள்ளை. வாய் தானாகக் கேட்டுவிட்டது. "பனி உண்டு, அல்லே?"

"பனியோ?" அவள் முகம் மாறியது. "பனியும் வச்சோண்டா ஈ மழையத்து வந்நது? பற்றில்ல. திரிச்சு போ அம்மே."

காய்ச்சலோடு மழையில் வந்திருக்கிறேன் என்று நினைத்துத் திரும்பிப் போகச் சொல்கிறாள். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். நம்முடைய பனிக்கு அவர்கள் மஞ்ஞு என்பார்கள். எனக்குத் தெரியாததா? தென்காசிப் பக்கத்திலிருந்து நாங்கள் கரமனைக்கு வந்த புதிதில், "விடியக்காலம் ஒரே பனி" என்று பக்கத்து வீட்டில் சொல்லப்போய், அந்த அம்மா மிளகு போட்ட சுக்குக் காப்பியோடு வந்து நின்றாள். அவர் அதை ஆயுசு முழுக்க வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். மார்கழி பிறந்தால் போதும், "ஏட்டி, ஒனக்குப் பனி எப்படி இருக்கு?" என்பார். நானும் மஞ்ஞு என்று மாற்றிக்கொள்ளவில்லை. மகனுக்கு வாயில் மஞ்ஞுதான் வரும். எங்கள் வீட்டில் பனியைப் பனி என்றவர்கள் இரண்டே பேர்.

இத்தனை தூரம் வந்து, அந்த ஒரு சொல்லால் கேட்டுக்கு வெளியே நின்றேன். கெஞ்சுவது எனக்கு வராது. வண்டியைத் திருப்பவும் இல்லை. அவள் கேட்டைத் தாண்டி வந்து என் நெற்றியில் புறங்கையை வைத்தாள். பிறகு கழுத்தில். தொட்டுப் பார்க்க இப்போது யார் இருக்கிறார்கள். அவள் கையை எடுத்த பிறகும் நான் கழுத்தை அப்படியே நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"பனியொந்நும் இல்லல்லோ. ஐஸ் போலெ இரிக்குந்நு."

"உங்க மஞ்ஞு எங்களுக்குப் பனி, மோளே."

"அப்போ ஞங்ஙளுடே பனியோ?"

"காய்ச்சல்."

"காய்ச்சுந்நது பாலல்லே அம்மே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டைத் தூக்கினாள். "பதுக்கெ போணே." மெதுவாகத்தான் ஏறினேன்.

வளைவுக்கு வளைவு எண் போட்டிருந்தார்கள். எண் எனக்குத் தெரியும். பாதியில் வண்டி சூடாகி நின்றது. கேனிலிருந்து ஒரு கை தண்ணீர் முகத்தில் அடித்துக்கொண்டு, தேயிலைச் செடிகளைப் பார்த்தபடி அது ஆறும் வரைக்கும் காத்திருந்தேன். கடைசி எண் தாண்டிய பிறகு ரோடும் தெரியவில்லை. முதல் கியரில் உருட்டிக்கொண்டே போனேன். ரோடு முடிந்தது. உச்சி.

ஒன்றும் தெரியவில்லை. புல் தெரிந்தது, என் கால் தெரிந்தது, வண்டியின் முன்சக்கரம் தெரிந்தது. இதைப் பார்க்கவா மழை நிற்கட்டும் என்றார்? "பனி" என்று வாய்விட்டுச் சொன்னேன். திருத்துவதற்கும் ஆள் இல்லை, சிரிப்பதற்கும் ஆள் இல்லை. காய்ச்சுவது பால் அல்லவா என்று அந்தப் பெண் கேட்டதை அவரிடம் சொன்னால் ஒரு மாசம் வைத்துச் சிரிப்பார்.

இறங்கும்போது ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டே வந்தேன்: மேலே பனி நல்லா இருந்தது மோளே, காய்ச்சல் இல்லாத பனி. கேட்டில் அவள் இல்லை. வேறு ஓர் ஆள் போனைப் பார்த்தபடி கையை ஆட்டி, போ என்றார்.

வீட்டுக்கு வந்து சேலை மாற்றுவதற்குள் மகன் கூப்பிட்டான். "அம்மா எங்க போயிருந்து? எத்தற தடவ விளிச்சேன்."

சொல்லிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். "ஒரே பனி, மக்கா. கண்ணுக்கு ஒண்ணுமே தெரியல..."

"பனியா? கண்ணு தெரியலயா? எப்ப தொட்டு?"

நான் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினேன்.

"குளிக இருக்கா வீட்டில?"

"மாத்திரை இருக்கு."

"போட்டுட்டு கிடந்து ஒறங்கு. ஞாயிறாழ்ச ஆள் வரும், சாவி எடுத்து வைக்கணும்."

"வச்சிருக்கேன்."

வாசலில் வண்டி நின்றது, சேற்றோடு. கேன்களை அவிழ்த்துத் தண்ணீரைக் கொட்ட வேண்டும். அதற்கு ஞாயிற்றுக்கிழமை வரை நேரம் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.