ஒரு நாள் முந்திப்போன போன்

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து ஓ கிளேர் ஊரின் இரண்டு வருடக் கல்லூரியில் முப்பத்தொரு வருடம் வரலாறு நடத்தினேன். பிள்ளைகளுக்கு எந்தப் போர் எந்த வருடம் என்பது நினைவில் நின்றிருக்காது. நான் தொண்டை வறளக் கத்திய இரண்டு கேள்விகள் மட்டும் நின்றிருக்கலாம்: "யார் சொன்னது? அவருக்கு எப்படித் தெரியும்?" இவற்றைக் கேட்காமல் எதையும் நம்பாதீர்கள் என்பேன். 2011 மே மாதம் ஓய்வு பெற்றேன். அக்டோபரில், மேப்பிள்77 என்ற பெயரைத் தவிர வேறு எதுவும் தெரியாத ஓர் ஆசாமி, தன் மைத்துனனுக்குத் தெரிந்த பெண் ஒருத்தி போன் கடையில் வேலை பார்ப்பதாகவும், என் போனைச் சரிசெய்யும் அப்டேட் செவ்வாய்க்கிழமை வந்துவிடும் என்று அவள் சொன்னதாகவும் இணையத்தில் எழுதினார். அந்தச் செவ்வாய்க்கிழமை முழுவதும் நான் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை.

போனை பிப்ரவரியில் வாங்கியிருந்தேன். இரண்டு வருட ஒப்பந்தம். வாங்கிய கையோடு வீட்டுத் தொலைபேசியைத் துண்டித்தேன், செய்தித்தாளையும் நிறுத்தினேன். கம்பி வழியாகப் பேசுவது பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பழக்கம் என்று என் மனைவி பெர்னடினுக்குச் சமையலறையில் ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினேன். அவள் மருத்துவமனையில் நர்ஸ். ஆறு வருடமாக ஒரே மடக்கு போனை வைத்திருக்கிறாள். அது ஒருமுறை சூப்பில் விழுந்து எழுந்த போன்.

"உன் நூற்றாண்டை நீ வெச்சுக்கோ வெண்டல். என்னுது அடிச்சா எனக்குக் கேக்குது, அது போதும்" என்றாள்.

அவள் வாய் முகூர்த்தம் ஆகஸ்டில் பலித்தது. என் போனுக்கு ஒரு வியாதி வந்தது. பத்து நிமிடம் தொடாமல் விட்டால் தூங்கிவிடும். தூங்கினால் அழைப்பு வந்தாலும் எழுந்திருக்காது. கூப்பிட்டவரைப் பதிவுக் குரலிடம் தள்ளிவிட்டு, மூன்று மணி நேரம் கழித்து, "உங்களை ஒருவர் அழைத்தார்" என்று சாவகாசமாகச் சொல்லும். போனைச் செய்தவர்கள் செப்டம்பரிலேயே மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் அது இணைப்புக் கொடுக்கும் கம்பெனி வழியாகத்தான் வர வேண்டும். எங்கள் கம்பெனி அதைப் பரிசோதித்துக்கொண்டிருந்தது. வேறு கம்பெனியிடம் இதே போனை வாங்கியவர்களுக்கு வந்துவிட்டது. அவர்களைப் பற்றி, இந்த போன்காரர்கள் கூடிப் புலம்பும் எங்கள் இணையக் குழுவில் பேசிய தொனி, பணக்கார வீட்டில் பெண் கொடுத்துவிட்ட பங்காளியைப் பற்றிப் பேசும் தொனி.

கம்பெனிக்கு நானே போன் செய்தேன். ஒரு பெண் மிகுந்த மரியாதையோடு பேசினாள்.

"வர்ற வாரங்கள்ல கட்டாயம் வந்துடும் சார்."

"எந்த வாரம்?"

"அது வாரங்கள்னு போட்டிருக்கு சார். ஒரு வாரம்னு போடல."

"நீங்க சொல்றது ரெண்டு மாசமாகூட இருக்கலாம்."

"மாசம்னும் போடல சார்."

ஒரு தூதுவரிடம் பேசிய திருப்தியோடு வைத்தேன்.

இதெல்லாம் ஒரு கிழவனின் பொழுதுபோக்கு என்று நீங்கள் நினைத்தால் தவறில்லை, எங்கள் மகள் கிரேட்டா என்று ஒருத்தி இல்லாதிருந்தால். வசந்தத்தில் அவள் சட்டப்படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, அலாஸ்காவில் நண்டுப் படகில் வேலைக்குப் போவதாகச் சொன்னாள். நான் அதற்குச் சொன்ன பதிலை இங்கே எழுத மாட்டேன். மேற்கோள்களும் உதாரணங்களுமாக, நன்றாக அமைந்த பதில். அவள் ஜூனில் என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் புறப்பட்டாள். செப்டம்பரில் படகு டச்சு ஹார்பர் என்ற அலாஸ்காத் துறைமுகத்தில் கரை தொட்டபோது என்னை இரண்டு முறை கூப்பிட்டாள். இரண்டு முறையும் என் போன் தூங்கிக்கொண்டிருந்தது. பதிவில் பேச்சு இல்லை. கொஞ்சம் மூச்சு, பின்னால் ஏதோ வண்டி பின்னோக்கி நகரும் சத்தம். அவளுடைய கைபேசி அங்கே வேலை செய்யாது. நண்டு ஆலை அலுவலகத்துப் போனில், வரிசையில் நின்று கூப்பிட வேண்டும். நாங்கள் திருப்பிக் கூப்பிட வழியில்லை.

"வேணும்னே எடுக்கலன்னு நினைக்கறா" என்றாள் பெர்னடின்.

"போன் கோளாறுன்னு நீ சொல்லலையா?"

"சொன்னேன். 'அப்பா எதுக்கும் ஒரு அடிக்குறிப்பு வெச்சிருப்பாரு'ன்னா."

"உன் போன்ல நான் பேசறேனே."

"அதையும் கேட்டுப் பாத்தேன். அம்மா கையப் புடிச்சிட்டு வர்ற அப்பா வேணாமாம். அவரே எடுக்கட்டுங்கறா."

அக்டோபர் கடைசியில் ஒரு புதன்கிழமை மத்தியானம், கிரேட்டா தன் அம்மாவின் மடக்கு போனுக்குக் கூப்பிட்டாள். எனக்கு ஒரு வாய்ப்புத் தந்திருந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம், நம்மூர் நேரம் ஐந்து மணிக்கு என் எண்ணைக் கூப்பிடுவாள். அதன் பிறகு படகு கடலுக்குப் போய்விடும். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வருவதா, வேண்டாமா என்பதை அந்த அழைப்புக்குப் பிறகு முடிவு செய்வாளாம்.

"சுலபம்" என்றாள் பெர்னடின். "நாலரைக்கு உக்காரு. போனைத் தட்டிட்டே இரு. தூங்காது."

அவ்வளவுதான் தீர்வு. ஆனால் படித்தவனுக்கு ஒரு வரியில் தீர்வு சொன்னால் ஏற்குமா? அவள் போனதும் நான் இணையக் குழுவுக்குள் போனேன். அங்கே ஒரு யுக்தி எழுதியிருந்தார்கள்: அப்டேட் வந்துவிட்டதா என்று போன் ஒரு நாளைக்கு ஒருமுறைதான் கம்பெனியைக் கேட்குமாம், போனின் தேதியை ஒரு நாள் முன்னே தள்ளிவைத்தால், அடுத்த நாள் பிறந்துவிட்டது என்று நம்பி இன்னொரு முறை கேட்குமாம். காலண்டரைக் கிழித்தால் சம்பளம் சீக்கிரம் வரும் என்பது போன்ற தத்துவம். நான் புதனை வியாழன் ஆக்கினேன். பொத்தானை அழுத்தினேன். 'உங்கள் மென்பொருள் புத்தம் புதியது' என்று போன் கூசாமல் சொன்னது. அந்த நேரம் பார்த்து அடுப்பில் சூப் பொங்கியது. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். தேதியைத் திருப்பி வைக்கவில்லை.

வேலையில் இருப்பவனுக்குக் கிழமை தெரியும். ஓய்வு பெற்றவனுக்கு எல்லா நாளும் ஒரே நிறம். பெர்னடினின் வேலை நாட்கள் வாரத்துக்கு வாரம் மாறும். அவற்றை எழுதிய தாள் குளிர்ப்பெட்டியில் ஒட்டியிருக்கும். நான் அதைப் படிப்பதில்லை. மறுநாள் நான் எழுந்தபோது அவள் பன்னிரண்டு மணி நேர வேலைக்குப் போய்விட்டிருந்தாள். போனைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை என்றது.

நாலரைக்குச் சமையலறை மேசையில் உட்கார்ந்தேன். சவரம் செய்திருந்தேன், போனில் முகம் தெரியாது என்று தெரிந்தும் செய்திருந்தேன். தட்டினேன். ஐந்து வினாடிக்கு ஒரு தட்டு. என்ன பேசுவது என்று ஒரு தாளில் மூன்று வரி எழுதி, இரண்டை அடித்திருந்தேன். ஐந்து மணி ஆயிற்று. ஐந்து பத்து. அலாஸ்காவில் வரிசை நீளமாக இருக்கும் என்றேன். ஐந்து நாற்பது. கடிகார வித்தியாசத்தைத் தப்பாகக் கணக்குப் போட்டிருப்பாளோ என்றேன். ஆறு மணிக்குத் தட்டுவதை நிறுத்தினேன். அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒன்று புரிந்தது: கூப்பிட்டும் எடுக்காத ஒருவனுக்காகக் காத்திருப்பது எப்படியிருக்கும் என்று. கிரேட்டாவுக்கு இரண்டு தடவை இப்படி இருந்திருக்கிறது.

குளிர்ப்பெட்டியில், அந்த வேலை நாள் தாளின் மேலேயே ஒரு சீட்டு ஒட்டினேன்: 'அவள் கூப்பிடவில்லை. மீன் சாப்பிடப் போகிறேன்.' விஸ்கான்சினில் துக்கமோ சந்தோஷமோ, வெள்ளிக்கிழமை இரவு பொரித்த மீன் உண்டு.

ஏரிக்கரை உணவு விடுதியில் வண்டி நிறுத்த இடம் தாராளமாக இருந்தது. அதுவே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இருபது வருடமாக எங்களுக்குப் பரிமாறும் லொரெய்ன் வந்தாள்.

"என்ன வாத்தியாரே, தனியா?"

"மீன் கொண்டு வா. முட்டைக்கோஸும், ரை ரொட்டியும்."

"மீனா? கொத்துக்கறி மீட்லோஃப்தான் இருக்கு. வேணும்னா குழம்பு நிறைய ஊத்தச் சொல்றேன்."

"வெள்ளிக்கிழமை மீன் இல்லைன்னா கவர்னருக்கு எழுதணும்."

"வெள்ளிக்கிழமை மீன் இல்லாமப் போகுமா? நாளைக்கு வாங்க."

நான் போனை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். ஆவணச் சான்று. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு மதுக்கூடத்தில் மது ஊற்றுபவர் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"ரஸ்! இன்னிக்கு என்ன கிழமை?"

"வியாழன்! ஏன், யாராவது செத்துட்டாங்களா?"

யார் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும் என்று வாய்வரை வந்தது. ரஸ்ஸின் தலைக்கு மேலே பீர் கம்பெனி காலண்டர் தொங்கியது. அப்போதுதான் அடுப்பில் சூப் பொங்கியது ஞாபகம் வந்தது. அவள் கூப்பிடாமல் இல்லை. கூப்பிட வேண்டிய நாளே இன்னும் வரவில்லை. அன்றைக்குத் தின்ற மீட்லோஃப் போல் ஒரு மீட்லோஃபை நான் வாழ்நாளில் தின்றதில்லை. உண்மையைச் சொன்னால், அது சுமாரான மீட்லோஃப்தான்.

வீட்டில் பெர்னடின் கோட்டைக்கூடக் கழற்றாமல், என் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். விஷயத்தைச் சொன்னேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இதைப் பத்திரமா வை. நாளைக்குத் தேவைப்படும்" என்று சீட்டைத் திருப்பித் தந்தாள்.

வெள்ளிக்கிழமையை இந்த முறை மூன்று சான்றுகளால் உறுதி செய்தேன்: பெர்னடின், குளிர்ப்பெட்டித் தாள், பக்கத்து வீட்டுக்காரர் வெள்ளிதோறும் தெருவோரம் வைக்கும் குப்பைத் தொட்டி. போனின் தேதியைச் சரி செய்திருந்தேன். நாலரைக்கு உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தேன். பெர்னடின் மீன் சாப்பிடப் போகத் தயாராக, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்றாள்.

நாலு ஐம்பத்தேழு. என் கட்டைவிரல் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கும் அந்த அரை வினாடிக்குள் திரையில் ஒரு பெட்டி திறந்தது. 'புதிய மென்பொருள் தயார். இப்போதே நிறுவு. பிறகு.' விரல் 'இப்போதே'யில் விழுந்தது.

திரை இருண்டது. பிறகு ஒரு பச்சைக் கோடு. 'சுமார் இருபத்தைந்து நிமிடம் ஆகும். போனை அணைக்காதீர்கள்.'

"பெர்னி!"

"என்ன?"

"வந்துடுச்சு."

"கிரேட்டாவா?"

"அப்டேட்."

அவள் வந்து பார்த்தாள். மடக்கு போனை எடுத்து ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டாள். ஐந்து மணி ஆயிற்று. பச்சைக் கோடு ஒரு பட்டாணி அளவு நகர்ந்தது. அலாஸ்காவில் ஒரு பெண் பதிவுக் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஐந்து இரண்டுக்கு பெர்னடினின் ஸ்வெட்டர் பைக்குள் மடக்கு போன் அடித்தது.

"ஆமா, தெரியும். இல்ல, இங்கதான் இருக்காரு. என் எதிர்லதான்... போன் அப்டேட் ஆயிட்டிருக்கு. பொய் இல்லடி. அவருதான் அமுக்கினாரு... கேளு, கேளு. நேத்தும் உக்காந்திருந்தாரு. ஆமா, நேத்து. போன்ல தேதியை மாத்திட்டு, வெள்ளிக்கிழமைன்னு நினைச்சு ஒன்றரை மணி நேரம் தட்டிட்டு உக்காந்திருந்தாரு. அப்புறம் லொரெய்ன்கிட்ட போய் மீன் கேட்டு, மீட்லோஃப் தின்னுட்டு வந்திருக்காரு." நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு போனை என்னிடம் நீட்டினாள். "உன்னைக் கேக்கறா."

மறுமுனையில் சிரிப்பு. அது நிற்கும்வரை காத்திருந்தேன்.

"அப்பா, வியாழக்கிழமையா?"

"என் போன் கணக்குல வெள்ளி."

"மீட்லோஃப் சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

"சரி, நம்பறேன். நீங்கதானே சொல்வீங்க, சாட்சி சொல்றவனுக்கே அவமானமா இருக்கற சாட்சியத்தை நம்பலாம்னு. நீங்க ஜோடிச்சிருந்தா இன்னும் கொஞ்சம் மரியாதையா ஜோடிச்சிருப்பீங்க."

முப்பத்தொரு வருடத்தில் நான் நடத்திய பாடத்தை ஒருத்தி சரியாகப் பயன்படுத்தியதை அன்றுதான் கேட்டேன். தாளில் மிச்சமிருந்த ஒரே வரியைப் படித்தேன்.

"அன்னிக்கு நான் பேசினது தப்பு கிரேட்டா."

"அடிக்குறிப்பு?"

"இல்ல."

அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற யாரோ, "ஏம்மா, குடித்தனமே நடத்தறியா அங்க?" என்று கத்தினார்கள்.

"வெக்கறேன். கிறிஸ்துமஸுக்கு வர்றேன். சட்டத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"நண்டைப் பத்தி?"

"அது நான் பேசுவேன். நீங்க கேக்கணும்."

ஐந்து இருபத்திரண்டுக்கு என் போன் விழித்துக்கொண்டது. அன்றிலிருந்து ஓர் அழைப்பையும் அது தவறவிட்டதில்லை. முதல் அழைப்பு கம்பெனியிடமிருந்து: எங்கள் சேவையில் திருப்தியா, ஒன்று முதல் ஐந்துக்குள் சொல்லுங்கள். அதன் பிறகு ஒரு காப்பீட்டுக்காரர். கிரேட்டா நவம்பரில் கரைக்கு வந்தபோது மடக்கு போனுக்குத்தான் கூப்பிட்டாள். "அப்பாகிட்ட குடு" என்றாளாம். நான் அதை வலது காதில் வைத்துப் பேசினேன். என் போன் இடது கையில், முழு விழிப்போடு, சும்மா இருந்தது.