பச்சைச் சரிவு

பத்து வயதில் எங்கள் வீட்டின் பிரெஞ்சு முழுவதும் என் பொறுப்பில் இருந்தது. பாரிஸில் லாச்சப்பலில், மெத்ரோ ரயில் போகும்போதெல்லாம் கண்ணாடி அலுமாரி அதிர்கிற ஒரு நாலாம் மாடி வீடு. தபாலில் வருகிற கடிதங்களை வாசிப்பதும், டாக்டரிடம் அம்மாவின் நோவை எடுத்துச் சொல்வதும், பள்ளிக்கூடப் படிவங்களை நிரப்பி அப்பாவிடம் கையெழுத்து வாங்குவதும் நான்தான். அப்பா ஒரு பிரெஞ்சு உணவகத்தின் குசினியில் வேலை செய்தார். வெங்காயம், கத்தி, கெதியாக, இன்னும் இரண்டு தட்டு என்று குசினிக்கு வேண்டிய பிரெஞ்சு அவரிடம் இருந்தது. அதற்கு வெளியே உள்ளதற்கெல்லாம் என்னைக் கூப்பிடுவார். அதனால் எனக்கு வந்திருந்த தலைக்கனத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

அந்தத் தலைக்கனத்தில்தான் வகுப்பில் ஒரு பொய் சொன்னேன். பெப்ரவரி விடுமுறைக்கு யார் யார் எங்கே போகிறீர்கள் என்று ஆசிரியை கேட்டார். என் பக்கத்தில் இருந்த குளோயி, ஒவ்வொரு வருடமும் போகிற மாதிரி ஆல்ப்ஸில் ஒரு பெரிய ஊருக்கு ஸ்கி செய்யப் போவதாகச் சொன்னாள். என் முறை வந்தபோது "வீட்டில்தான்" என்று சொல்ல வாய் வரவில்லை. நாங்களும் ஸ்கிக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் பெற்றோர் சந்திப்பு. வழமைபோல நடுவில் இருந்து நான் மொழிபெயர்த்தேன். முடிந்து எழும்பும்போது ஆசிரியை அப்பாவைப் பார்த்துச் சிரித்து, மலைக்காற்று பிள்ளைகளுக்கு நல்லது, சந்தோஷமாகப் போய் வாருங்கள் என்றார். அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் ஸ்கி என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. அப்பா "உய், மதாம்" என்று தலையாட்டினார். வீட்டுக்குப் போகிற வழியில், மெத்ரோப் பாலத்தைத் தாண்டினோம். பிறகு கேட்டார்.

"பிள்ளைக்குப் பனிக்குப் போக ஆசையோ?"

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

"அப்ப போவம்" என்றார். பொய் சொன்னதைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

போவதென்று முடிவானதும் எங்கே போவது என்ற கேள்வி வந்தது. அப்பா கத்தரிக்காய் வாங்கினாலும் ஒவ்வொன்றாகத் திருப்பிக் காம்பைப் பார்த்துத்தான் பையில் போடுவார். அப்படிப்பட்டவர் ஒரு மலையைப் பார்க்காமல் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. முதலில் ரூ லூயி-பிளாங் தெருவில் விமானச்சீட்டு விற்கிற கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரருக்குச் சென்னையும் கொழும்பும் டொரண்டோவும் தெரியும். மலை தெரியாது.

"என்ன அண்ணை, எங்கடை சனம் குளிர் எண்டால் கதவைச் சாத்திற சனம். நீங்கள் அதைத் தேடிப் போறியளோ?" என்றார் அவர்.

"பிள்ளையளுக்குத்தான் தம்பி. புதுசாப் பழகிற ஆக்களுக்கு எது நல்லது எண்டு ஆரையும் கேட்டுச் சொல்லுங்கோ."

அவர் கேட்டாரோ தெரியவில்லை. உதவியது அம்மாதான். அம்மா துப்புரவு வேலை செய்த அலுவலகத்தில் யாரோ எறிய வைத்திருந்த ஸ்கி ஊர்களின் விளம்பரப் புத்தகங்களைக் கேட்டு வாங்கி, ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். சாப்பாட்டு மேசையில் அவற்றைப் பரப்பிவைத்து நான் பாடம் நடத்தினேன். பச்சைக் கோடு போட்ட சரிவு புதியவர்களுக்கு, நீலம் கொஞ்சம் பழகியவர்களுக்கு, சிவப்பு நன்றாகத் தெரிந்தவர்களுக்கு, கறுப்பு வல்லவர்களுக்கு. அதை வாசித்துச் சொல்லிவிட்டு, குளோயி போகிற ஊரின் புத்தகத்தை மேலே எடுத்துவைத்தேன். இதுதான் புதியவர்களுக்கு மிகவும் நல்லது என்று போட்டிருக்கிறது என்றேன். அப்படி எங்கும் போட்டிருக்கவில்லை.

அப்பா அந்த ஊரின் வரைபடத்தை விரித்து விரலால் தடவிக்கொண்டே போனார். மொழி தெரியாவிட்டாலும் நிறம் தெரியும். கறுப்பும் சிவப்பும் மலை முழுக்க ஓடின. பச்சை மட்டும் உச்சிக்குப் பக்கத்தில் ஒரு சிறு துண்டு.

"இந்தப் பச்சைக்குப் போறதெண்டால் கம்பியிலை தொங்கிற பெட்டியிலை ஏறி மேல போகவேணும் போல கிடக்கு. போன பிறகு பயம் பிடிச்சால் எப்பிடி இறங்கிறது?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் மனமில்லை.

"சரி, டெலிபோன் எடு" என்றார்.

ஐந்தாறு ஊர்களுக்குப் பேசினோம். ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு அப்பா பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ஒரு துண்டில் எழுதி வைத்திருந்த கேள்விகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். பச்சைச் சரிவு ஊருக்குள்ளேயே இருக்கிறதா. மேலே ஏற்றிவிடுகிற கருவியில் ஓடிப்போய்த் தொற்ற வேண்டுமா, இல்லாவிட்டால் நின்றபடியே போகலாமா. ஸ்கி செய்யாமல் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் குளிராமல் இருக்க இடம் உண்டா. ஆறு வயதுப் பிள்ளையைப் பொறுப்பெடுப்பார்களா. அது என் தம்பிக்காக. கடைசியாக ஒன்று.

"தெரியாத ஆக்கள் விழுந்தால் மற்ற ஆக்கள் பாத்துச் சிரிப்பினமோ எண்டு கேள்."

எனக்கு முகம் சுட்டது. இதை எப்படிக் கேட்பது? நான் போனில் "அறை இருக்கிறதா மதாம்?" என்று கேட்டேன். இருக்கிறது என்றார்கள். "எல்லாம் இருக்காம். சிரிக்க மாட்டினமாம்" என்று அப்பாவிடம் சொன்னேன். ஆறு ஊரும் இதே பதிலைச் சொன்னதாகத்தான் என் மொழிபெயர்ப்பு இருந்தது. குளோயியின் ஊர் மட்டும் இன்னும் கொஞ்சம் நல்ல பதில் சொன்னது. அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

அப்பாவின் உணவகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அடுத்த திங்கள் விடிய முதலே எழும்பி, வதிவிட அட்டை விஷயமாகப் பிரிபெக்சர் என்கிற அரச அலுவலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அங்கே வரிசை நீளம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரவுச் சாப்பாட்டுக்குத்தான் திரும்பி வந்தார். மூக்கும் கன்னமும் தோல் உரிகிற மாதிரிச் சிவந்திருந்தன. வலது காலை இழுத்து இழுத்து நடந்தார்.

"என்னப்பா கால்?"

"படியிலை சறுக்கிப்போட்டுது" என்றார். அம்மா ஒன்றும் கேட்காமல் தைலப் போத்தலை எடுத்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் அப்பா முடிவைச் சொன்னார். ஜூரா மலையில் ஒரு சிறிய ஊர். புத்தகப் பையின் அடியில் கிடந்த ஒற்றைத்தாள் விளம்பரத்தில் இருந்த ஊர் அது. அதன் பெயரை என் வகுப்பில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். நான் அழுதேன். சாப்பிட மாட்டேன் என்றேன். அம்மா என் தட்டை மூடிவைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

பெப்ரவரி விடுமுறை வந்ததும், மூன்று மணி நேரம் ரயிலிலும் பிறகு பஸ்ஸிலும் போய் இறங்கினோம். ஒரு தேவாலயம், ஒரு பேக்கரி, அதற்குப் பின்னால் ஒரு பெரிய மைதானம் சரிந்து கிடந்த மாதிரி அந்தப் பச்சைச் சரிவு. அதன் ஓரத்தில் தரையோடு தரையாக ஓடுகிற ஒரு றப்பர் பாய். அதில் நின்றால் போதும், மெல்ல மேலே கொண்டுபோய் விடும். சரிவின் அடியில் கண்ணாடிச் சுவர் போட்ட மரக்கொட்டில் ஒன்று. உள்ளே கணகணப்பாக இருந்தது. அம்மா தேநீர்ப் போத்தலோடு அங்கே இடம்பிடித்துக்கொண்டார். தம்பியை ஆசிரியை ஒருத்தி, அவனைப்போன்ற குட்டிகளின் வரிசையில் சேர்த்துக்கொண்டாள்.

பாயை இயக்குகிற பெண் கம்பளித் தொப்பி போட்ட பருத்த மனுசி. அப்பாவைக் கண்டதும் கையை உயர்த்தினாள்.

"அட, ஐயா! குடும்பத்தோடு வந்துவிட்டீர்களா? முழங்கால் எப்படி இருக்கிறது?"

அப்பா சிரித்துக்கொண்டு "சவா, சவா", பரவாயில்லை என்றார். அவள் என் பக்கம் குனிந்தாள். "உன் அப்பா போன மாதம் ஒரு நாள் முழுக்க இங்கேதான் நின்றார். சாப்பிடக்கூடப் போகவில்லை" என்றாள்.

எனக்குக் கோபம் குமுறிக்கொண்டு வந்தது. பிரிபெக்சர் என்று சொல்லிவிட்டு எங்களை விட்டு வந்து, ஒரு நாள் முழுக்கத் தனியாக விளையாடியிருக்கிறார். நேரே கொட்டிலுக்குள் போய் அம்மாவிடம் முறையிட்டேன்.

"அம்மா, அப்பா எங்களுக்குச் சொல்லாமல் இஞ்சை வந்து சறுக்கி விளையாடினவராம்."

"ஓம், தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லேல்லை?"

"ரெண்டு நாளா மனுசனாலை குனிஞ்சு சப்பாத்துக் கட்ட ஏலாமல் கிடந்தது. விளையாடிப்போட்டு வந்த ஆள் மாதிரியோ இருந்தவர்?" என்று கேட்டுவிட்டு அம்மா தேநீரை ஊற்றினார். எனக்கு அது பதிலாகவே படவில்லை.

அப்பாவுக்கு ஸ்கி செய்யத் தெரியாது. ஆனால் விழத் தெரிந்திருந்தது. எனக்குச் சொல்லித் தந்ததெல்லாம் அதைத்தான். "பின்னுக்கு விழாதை, பக்கப்பாட்டுக்கு விழு. எழும்பேக்கை காலிலை இருக்கிற ஸ்கிக் கட்டையைச் சரிவுக்குக் குறுக்காலை வைச்சிட்டு எழும்பு. அவசரப்படாதை, ஆரும் பாக்கேல்லை." அவர் செய்து காட்டப்போய் விழுந்தார். பக்கத்தில் போன நாலு வயதுக் குழந்தை ஒன்று நின்று, "முழங்காலை மடக்க வேணும் மிசியே" என்று சொல்லிவிட்டுப் போனது. ஒருவரும் சிரிக்கவில்லை. பாய்க்காரப் பெண் இறங்கிவந்து அவரைத் தூக்கிவிட்டாள்.

அதன்பிறகு அவர் கட்டைகளைக் கழற்றிவிட்டுச் சரிவின் அடியிலேயே நின்றார். மூன்று நாளும் நின்றார். முதல் நாள் நான் வேகத்தை அடக்கத் தெரியாமல் வந்தபோதெல்லாம் இரண்டு கையையும் விரித்து என்னைப் பிடித்தார். பிடித்து இரண்டு பேருமாக விழுந்தோம். மூன்றாம் நாள் மத்தியானம் உச்சியில் இருந்து அடிவரை விழாமல் வந்து, அவருக்கு ஒரு முழம் முன்னால் நானாகவே நின்றேன். கொட்டிலின் கண்ணாடிக்குப் பின்னால் அம்மா எழும்பி நிற்பது தெரிந்தது. அப்பா என் தொப்பியில் இருந்த பனியைத் தட்டிவிட்டு, "இன்னொருக்கா மேல போட்டு வா" என்றார். அன்று இருபது தடவைக்கு மேல் ஏறி இறங்கியிருப்பேன். அதற்குப் பிறகு எத்தனையோ உயரமான மலைகளில் சறுக்கியிருக்கிறேன். அந்தப் பின்னேரத்தின் சந்தோஷம் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு ஒரு நாள், அந்த டெலிபோன் அழைப்புகளைப் பற்றி அப்பாவிடம் ஒப்புக்கொண்டேன். அவர் கேட்கச் சொன்னதை நான் கேட்கவே இல்லை என்று சொன்னேன்.

"தெரியும்" என்றார். "நான் நாலு வரி சொன்னால் நீ நாலு சொல்லிலை முடிச்சனி. பிரெஞ்சு அவ்வளவு கட்டையான பாஷை இல்லையே."

"அப்ப ஏன் ஏசேல்லை?"

"உனக்கு வெக்கமாயிருந்தது. எனக்கு விளங்கினது. அதுதான் நானே போய் விழுந்து பாத்தனான்."

அவ்வளவுதான் சொன்னார். வாழ்க்கையில் யாருக்காவது நான் நன்றி சொல்லத் தெரியாமல் நின்றது உண்டென்றால் அன்றுதான். பாஷை தெரியாத ஒரு மனிதர், தன் ஒரே விடுமுறை நாளில், தெரியாத ஊரில் வாடகைக் கட்டைகளைக் காலில் பூட்டிக்கொண்டு, தன் பிள்ளைகள் எங்கே அவமானப்படாமல் விழலாம் என்று பார்க்க, காலையில் இருந்து மாலை வரை விழுந்து எழும்பியிருக்கிறார். மறுநாள் வழமைபோலக் குசினியில் பகல் முழுக்க நின்றிருக்கிறார்.

ஆனால் மலையில் இருந்து திரும்பி வந்த அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. தம்பி அம்மாவின் மடியில் தூங்கிவிட்டான். ரயில் ஜன்னலுக்கு வெளியே பனி குறைந்து குறைந்து வெறும் வயல்களாகிக்கொண்டிருந்தது. அப்பா எனக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். சந்தோஷத்தில் இருந்தாலும் எனக்குள் அந்த ஒரு வழக்கு மட்டும் தீராமல் இருந்தது. நான் அவர் பக்கம் திரும்பிச் சொன்னேன்.

"அப்பா, இனிமேல் நீங்கள் எங்களை விட்டிட்டுத் தனிய வந்து விளையாடக் கூடாது."

அவர் என்னைப் பார்த்தார். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இல்லைப் பிள்ளை" என்றார். "இனித் தனிய வரமாட்டன்."

அவர் அதை அவ்வளவு பணிவாகச் சொன்னதால் நான் மனமிரங்கி அவரை மன்னித்துவிட்டேன். அவர் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு பாரிஸ் வரும் வரை தூங்கினார்.