தாலியைக் கழற்றச் சொன்ன ஏஜென்ட்

கணவரை இழந்த நான், மனைவியை இழந்த டேவிட் என்ற அமெரிக்கரை மணக்க முடிவு செய்தேன். அவருக்கு இரண்டு மகள்கள். மயிலாடுதுறை ஏஜென்ட் ஒருவர், "நிச்சயம் ஆனவங்களுக்கு உள்ள விசா போடுவோம். அங்க போய் கல்யாணம் பண்ணிக்கலாம்" என்றார்.

குத்தாலத்தில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு டேவிட் மேல் சந்தேகம். "ரெண்டு புள்ள உள்ள ஆளு. நாளைக்குக் கைய விரிச்சிட்டான்னா? தாலி கட்டாம அனுப்ப மாட்டேன்" என்றார். டேவிட் மகள்களோடு விடுமுறையில் வந்தபோது கோயிலில் தாலி கட்டினார்.

ஏஜென்ட் என் கழுத்தைப் பார்த்தார். "கோயில் கல்யாணம்லாம் கணக்குல வராதுங்க. இன்டர்வியூவுக்குத் தாலிய கழட்டி வச்சிட்டுப் போங்க. கல்யாண போட்டோவையும் காட்டாதீங்க."

"கணக்குல வராதுன்னா எதுக்குங்க கழட்டணும்?"

அவர் விசா பாரத்தை நீட்டினார். 'எங்களுக்குள் இன்னும் திருமணம் நடக்கவில்லை' என்று அதில் இருந்தது. கல்யாண போட்டோவில் டேவிட்டின் பிள்ளைகள் தலைநிறைய மல்லிகையோடு எங்கள் பக்கத்தில் நிற்கிறார்கள். நாளைக்கு யாராவது கேட்டால் அவர்களும் பொய் சொல்ல வேண்டுமா? கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

பொய் தெரிந்தால் விசாவே கிடைக்காமல் போகலாம் என்றார் நான் போய்ப் பார்த்த வக்கீல். திருமணத்தைப் பதிவு செய்து, மனைவிக்கான விசாவுக்கு விண்ணப்பித்திருக்கிறோம்.

இப்போதெல்லாம் யார் பாரம் நீட்டினாலும், முதலில் அந்த போட்டோவை மேசைமேல் வைக்கிறேன். "இதைப் பாத்துட்டு எழுதுங்க" என்கிறேன்.