முதல் கூறு

மருந்து வேலை செய்யவில்லை என்று அறிக்கை எழுதி முடித்துவிட்டேன். எலிகளின் புற்றுக்கட்டியைச் சுருக்கியதாக ஒரு வெளிநாட்டு ஆய்வாளர் சொன்ன மருந்து அது. அதே சோதனையை எங்கள் ஆய்வுக்கூடத்தில் திரும்பச் செய்தேன். கட்டி சுருங்கவே இல்லை. எனக்கு முன்கோபம் அதிகம். நன்றாகக் கதை விட்டிருக்கிறாள் என்று முகம் தெரியாத அந்தப் பெண்ணைத் திட்டிக்கொண்டேதான் எழுதினேன். அறிக்கை போனால் அந்த மருந்தை இனி யாரும் தொடமாட்டார்கள்.

அனுப்புவதற்கு முன், அவள் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டிருந்த தரவுகளைத் திறந்தேன். எலிக்கு ஒரு வரி. முதல் நாள் எடை, கட்டியின் நீள அகலம், எந்தக் கூண்டு, எல்லாமே இருந்தன. ஒன்பதாவது எலிக்கு நேரே, "ஊசி போட்டதில் என் தவறு, இறந்துவிட்டது" என்று எழுதியிருந்தாள். யாரும் கேட்காமலே! எனக்கு மெய்சிலிர்த்தது. என் தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவள் மருந்து கொடுத்த கூண்டு, கொடுக்காத கூண்டு இரண்டிலும் எடைகள் கலந்திருந்தன. என்னுடையதில் மருந்து கொடுத்த கூண்டு முழுக்க நோஞ்சான்கள். ஏனென்று புரியவில்லை.

மறுநாள் லீவு. காசிமேட்டில் அக்காவின் மீன் கடையில், விற்க நண்டைக் கூறு கூறாகக் குவித்துக்கொண்டிருந்தேன், சின்ன வயதிலிருந்து செய்கிற வேலை. கொடுக்கைத் தூக்குவது கடிக்கும் என்பதால் அசையாததைத்தான் கை தானாக முதலில் எடுக்கும். முதல் கூறு சோர்ந்து கிடந்தது. கடைசிக் கூறு ஓடப் பார்த்தது. சட்டென்று கை நின்றுவிட்டது. எலியையும் இப்படித்தானே பிடித்தேன்! ஓடாததெல்லாம் முதல் கூண்டுக்குப் போனது, மருந்தும் அந்தக் கூண்டுக்குத்தான்.

"இன்னாடி, நண்டு கட்ச்சிடுச்சா?" என்றாள் அக்கா.

அறிக்கையை அழித்தேன். சோதனையை மறுபடி தொடங்கினேன், இந்த முறை எலிகளைச் சீட்டு குலுக்கிக் கூண்டு பிரித்தேன். சில வாரங்கள் கழித்து அவள் வரைபடத்தின் மேல் என் புள்ளிகளை வைத்தபோது, கிட்டத்தட்ட அவள் கோட்டின் மேலேயே அவை இறங்கின. எங்கோ ஒரு கூண்டில் நடந்தது இங்கே என் கண்ணெதிரே மறுபடி நடந்திருக்கிறது. மருந்து வேலை செய்கிறது.

கெட்டுப்போன முதல் சோதனையையும், அதில் என் கை செய்ததையும் சேர்த்தே இணையத்தில் போட்டேன். அடுத்த லீவில் கடையில் நண்டைக் கூறு போடும்போது அக்காவிடம் சொன்னேன்.

"உன் தப்ப நீயே ஊருக்கெல்லாம் சொல்லிகினு கீறியா? லூசா நீ?" என்றாள் அக்கா.

"அந்தம்மா எதையும் மறைக்கலக்கா, செத்த எலியக்கூட. மறைச்சிருந்தா அவங்கள பொய்க்காரின்னு எழுதி அனுப்பிருப்பேன்."

அக்கா முதல் கூறிலிருந்து சோர்ந்த நண்டு ஒன்றை எடுத்துவிட்டு, கடைசிக் கூறிலிருந்து கொடுக்கைத் தூக்குகிற ஒன்றை அங்கே வைத்தாள்.