தொப்பி போட்டவனுக்கு அஞ்சலி

டிசம்பர் 2006, ஞாயிறு காலை 6.40. கடலூரில் சிதம்பரம் பஸ் ஏறினேன். டிக்கெட் பதினாறு ரூபாய். பையில் தபால் அட்டை அளவில் ஒரு புகைப்படம்.

படத்தில் இருவர். ஒருவர் பிலோமினா அக்காவின் கணவர், என் மாமா, போர் விமானி. கல்யாணமான ஐந்தாம் மாதம், எழுபத்தொன்றாம் வருடப் போரில் விமானத்தோடு போனார். வயது இருபத்தாறு. உடல்கூட வரவில்லை. இன்னொருவன் பதினேழு வயது நான். விடுமுறையில் வந்தவரின் தொப்பியைப் பிடுங்கி என் தலையில் வைத்துக்கொண்டு ஸ்டுடியோவில் நின்றேன். அவர் வெறும் சட்டையில் சிரிக்கிறார்.

முப்பத்தைந்து வருடமாக அக்கா அவர் படத்தை வெளியே வைக்க விட்டதில்லை. இந்த வருடம்தான் மாதா கோயில் இளைஞர்கள் நினைவு நாளுக்குப் பேனர் வைக்கக் கேட்டதும் தலையாட்டினாள். படம் அனுப்பும் வேலையை என்னிடம் கொடுத்தாள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியையான அவள் செய்த ஒரே தப்பு அது. நெட் சென்டரில் ஸ்கேன் செய்து பேனர் கடைக்கு அனுப்பிவிட்டு, "பைலட்டை மட்டும் வெட்டிப் போடுப்பா" என்று போனில் சொல்லியிருந்தேன்.

புதுச்சத்திரத்தில் டீ. புவனகிரியில் வெள்ளாற்றுப் பாலம். மனசு லேசாக இருந்தது.

8.30. சிதம்பரம். ஆட்டோ இருபத்தைந்து ரூபாய். கோயில் வாசலில் டிரைவர் மேலே கை காட்டினார்.

"சார், உங்க தம்பிங்களா? பாவம், சின்ன வயசு."

பன்னிரண்டடி பேனர். 'கண்ணீர் அஞ்சலி'. இரண்டு பக்கமும் ஜெட் விமானங்கள் சீற, நடுவில் நான்.

செத்துப்போனது உண்மைதானோ என்று நாடி பிடித்துப் பார்த்தேன். பேனர் கடைக்குப் போன் போட்டேன்.

"தொப்பி போட்டவருதான பைலட்டு? மீசைதான் கம்மியா இருந்துச்சு சார், கொஞ்சம் ஏத்திவுட்டேன்."

கழற்ற ஏணி தேடுவதற்குள் அக்கா மாலையோடு வந்துவிட்டாள். பன்னிரண்டடி பேனரை ஐந்தரையடி ஆளாகிய நான் கை விரித்து மறைத்தேன்.

"நவுருடா."

பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

"அவர் லீவு முடிஞ்சு கெளம்புற அன்னைக்கு அந்தத் தொப்பிய கோழிக்கூட்டுல ஒளிச்சது நீதான?"

இது யாருக்கும் தெரியாதென்று முப்பத்தைந்து வருடமாக நினைத்திருந்தேன். "விளையாட்டுக்குக்கா..."

"தெருமொன வரைக்கும் போயிட்டாரு. நான் மொகங்கொடுத்துக்கூடப் பேசல, உள்ள அழுதுகிட்டிருந்தேன். தொப்பியத் தேடித் திரும்பி வந்தாருல்ல, அப்பதான் அவர் மொகத்தப் பாத்து ஒருவாட்டி சிரிச்சேன். அதோட சரி." மூக்கை உறிஞ்சினாள். "படம் எங்க?"

இளைஞர்கள் பேனரை இறக்கினார்கள். படத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றேன். உயிரோடிருப்பவன் படத்துக்கு மாலை விழக்கூடாதே என்ற பயத்தில் என் முகத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டேன். அக்கா மாலையை என் இரண்டு கைகளோடு சேர்த்துப் போட்டாள். பிறகு குனிந்து பார்த்தாள்.

"வெரல எடுடா. தொப்பி தெரியட்டும்."

எடுத்தேன்.

11.20. கடலூர் பஸ், ஜன்னலோர சீட். புவனகிரி வரும்வரை கையில் சம்பங்கி வாசனை போகவில்லை. படத்தை வெளியே எடுத்துப் பார்த்தேன். தொப்பி எனக்கு அன்றைக்கே பெரிசு, காதுவரை இறங்கியிருக்கிறது. பக்கத்தில் மாமா அதைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்.