"இல்ல சார்" சிவபாண்டி

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாமல் ராஜபாளையத்தில் மூன்று லாரி வாங்கியவன் நான். ஒரு நாளும் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. அதற்குத்தான் சிவபாண்டி இருக்கிறானே. கூமாப்பட்டிக்காரன், பட்டாளத்தில் வண்டி ஓட்டி ரிட்டையர் ஆனவன். காய்ச்சல் என்று லீவு கேட்டதே கிடையாது. அப்படிப்பட்ட ஆளைத் தேடிப் பிடிக்க என்னை மாதிரி கண் வேண்டும்.

அன்று மதுரைக்குப் பேண்டேஜ் துணி லோடு; நானும் கூடப் போனேன். வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் நிறுத்தி, சொத்தைப் பல்லைப் பிடுங்கிக்கொண்டான்.

"ஏதாவது மாத்திரை உங்களுக்கு ஒத்துக்காதா?" என்று பல் டாக்டர் கேட்டார்.

"இல்ல சார்." கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிட்டது.

மருந்துக்கடை வாசலிலேயே மாத்திரையை விழுங்கி, மீதி அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தான். கிருஷ்ணன்கோவிலை நெருங்கும்போது உள்ளங்கையை ஸ்டியரிங்கில் தேய்த்தான். கழுத்தைச் சொறிந்தான்.

"ஏலே, உதடு என்ன இப்படி வீங்குது?"

"பல்லு புடுங்குனா வீங்கத்தான செய்யும், மொதலாளி."

"புடுங்குனது எடது பக்கம். வலது கண்ணுமுல்ல மூடுது?"

வண்டியை ஓரங்கட்டி, சாவியை எடுத்து என் கையில் வைத்தான். மூச்சு விசில் மாதிரி வந்தது.

"பட்டாளத்துல ஒரு மாத்திரை... இதே மாதிரிதான்..."

"பொறவு ஏம்லே டாக்டர்ட்ட இல்லன்ன?"

"செலக்ஷன்ல அப்படித்தான... சொல்லணும்."

அவன் ஊரில் பட்டாளத்துக்குப் போகிற பையன்களுக்கு முதல் பாடமே அதுதான். டாக்டர் எது கேட்டாலும் இல்லை என்று சொல். ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பாடம் இவனை விடவே இல்லை.

லாரி என்னுடையது, சாவி என் கையில், ஓட்டத் தெரியாது. எதிரே காலேஜ் பஸ் வந்தது. அது வழியில் யாருக்கும் நிற்காது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுரோட்டில் போய் நின்றேன். பிரேக் கிறீச்சிட்டது.

"பெருசு, சாகணும்னு வந்தீரா?" என்றான் டிரைவர்.

"நான் இல்லப்பா. அந்தா, லாரில ஒருத்தன் போயிக்கிட்டிருக்கான். ஏத்து."

மாணவர்கள் இறங்கித் தூக்கினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேரும்வரை அவன் நெஞ்சில் கை வைத்தபடி இருந்தேன். மூச்சு நின்று நின்று வந்தது.

ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த விசில் அடங்கி, மூச்சு சீரானது. டாக்டர் குனிந்து கேட்டார்.

"இதுக்கு முன்னால எந்த மருந்தாவது ஒத்துக்காமப் போயிருக்கா?"

"இல்..."

என்னைப் பார்த்தான். சாவி இன்னும் என் கையில்தான் இருந்தது.

"ஆமா சார்" என்று, சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினான்.